ஒலிக்காத மணிக்கு ஏன் பீடம்?

கேள்வி: மாஸ்கோவில் இருக்கும் ஜார் மணி ஒருமுறைகூட ஒலித்ததில்லை என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் உடைந்த மணியைக் கிரெம்ளினுக்குள் பீடமேற்றி வைத்திருப்பது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். ஏறத்தாழ 202 டன் எடையும் 6 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் கொண்ட அந்த வெண்கல மணி, வார்த்த குழியை விட்டு மேலே வருமுன்பே உடைந்துவிட்டது. பேரரசி அன்னாவின் ஆணையை ஏற்ற வார்ப்பாளர் இவான் மோத்தோரின் 1734-இல் செய்த முதல் முயற்சி தோற்றது. மறு வார்ப்புக்கான ஏற்பாடுகளுக்கிடையே அவர் இறந்துவிட, மகன் மிகயீல் 1735 நவம்பரில் அதை வார்த்து முடித்தார். மேற்பரப்பின் அலங்கார வேலைகள் இன்னும் முடியாமல் மணி குழிக்குள்ளேயே இருந்தபோது, 1737 மே மாதம் மாஸ்கோவில் மூண்ட பெருந்தீ குழிக்கு மேலிருந்த மரக்கட்டுமானத்தையும் பற்றிக்கொண்டது. வெண்கலம் உருகிவிடுமோ என்று அஞ்சியவர்கள் தண்ணீரைக் கொட்ட, அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் ஓடி, 11.5 டன் எடையுள்ள துண்டு பெயர்ந்ததாக வழக்கமாகச் சொல்லப்படுகிறது. காய்ந்த வெண்கலப் பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றத் தயங்கும் நம் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வெள்ளீயம் கூடுதலாகச் சேர்ந்த வெண்கலத்துக்குக் கணீரென்ற நாதம் உண்டு. எளிதில் விரிசல் விடும் குணமும் கூடவே வரும்.

அதன்பின் ஏறத்தாழ 100 ஆண்டுகள் குழியிலேயே கிடந்த மணியை, 1836-இல் மோன்ஃபெரான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மேலேற்றி, இன்றைய கற்பீடத்தில் அமர்த்தினார்.

இதை ஒலிக்கருவியாகப் பார்ப்பதைவிட வார்ப்புக் கலையின் சான்றாகப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. உடையாத மணி தன் உட்புறத்தை எளிதில் காட்டாது. இதிலோ துண்டு பெயர்ந்த இடம் ஆள் நுழையும் வாசல்போல் திறந்திருக்க, ஒரு முழத்துக்கும் மேற்பட்ட தடிமனில் உலோகம் வெட்டுமுகமாகத் தெரிகிறது. பெயர்ந்த துண்டைப் பீடத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பதும் நல்ல முடிவு.

ஒலிக்கும் பெருமணியைக் காண விரும்பினால் மியான்மரின் மிங்குன் மணியைப் பார்க்கலாம். போதவ்பயா மன்னர் காலத்தில், 1808-இல் வார்க்கப்பட்ட, ஏறத்தாழ 90 டன் எடையுள்ள அந்த மணி, 1839 நிலநடுக்கத்தில் தாங்கு கட்டுமானத்திலிருந்து விழுந்தும் உடையவில்லை. அங்கே செல்பவர்கள் இன்றும் அதை மரக்கட்டையால் அடித்து ஒலிக்கச் செய்கிறார்கள். ஜார் மணிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதனடியில் கிடக்கும் நாக்குகூட வேறொரு மணிக்குச் செய்யப்பட்டது.