பள்ளியிலேயே இருந்துவிட்டவர் – கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மார்கன் வூட்டனைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். கல்லூரிவரை கூடைப்பந்து ஆடியவன் நான். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 46 ஆண்டுகளில் 1,274 வெற்றிகள் என்பது மலைக்க வைக்கிறது. ஆனால் இவ்வளவு திறமை உள்ளவர் ஏன் பள்ளியைத் தாண்டி மேலே போகவில்லை? பதின்வயதுப் பையன்களை வைத்து வென்றுகொண்டே இருப்பது பாதுகாப்பான புகழ் அல்லவா? நீங்கள் அவரைச் சற்று அதிகமாகவே கொண்டாடுகிறீர்கள் என்று தோன்றியது.

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கேள்வியில் ‘மேலே’ என்றொரு சொல் இருக்கிறது. வூட்டனை அவருடைய நாட்டிலும் பலர் அந்தச் சொல்லை வைத்துத்தான் அளந்தார்கள். 1980-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் தன் அணியைப் பொறுப்பேற்க அவரை அழைத்தது, அவர் மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்த ஜிம் வால்வானோ 1983-இல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வென்று தந்தார். ஆகவே வாய்ப்பு வரவில்லை என்றோ, வந்த வாய்ப்பு சிறியது என்றோ சொல்ல வழியில்லை.

‘பாதுகாப்பான புகழ்’ என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1964-இல் நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியிடம் அவருடைய டிமாதா பள்ளி அணி மூன்று புள்ளிகளில் தோற்றது. அந்தப் பள்ளிக்கு ஆடியவர் ஏழடிக்கு மேல் உயரமான லூ அல்சிண்டர், பின்னாளில் உலகம் அறிந்த கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார். மறு ஆண்டு, 1965 ஜனவரி 30 அன்று, 71 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த அதே அணியை மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோல் அரங்கில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன் எதிர்கொண்டார் வூட்டன். அதற்கு முந்தைய பயிற்சிகளில், வளையத்தை மறித்து நின்ற பையன்கள் டென்னிஸ் மட்டைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ள, எறிபவர்கள் அவற்றைத் தாண்டிப் பந்தை உயர்த்தி எறியப் பழகினார்கள். ஆட்டம் 46-43 என்று டிமாதாவின் பக்கம் முடிந்தது. உயரத்துக்கு உயரத்தைத் தேடி அலையாமல் கையில் கிடைத்ததை வைத்துப் பாடம் தயாரித்த அந்தச் செயலில் எனக்குத் தெரிவது ஒரு வகுப்பாசிரியரின் மூளைதான்.

உண்மையிலேயே அவர் வகுப்பாசிரியர். டிமாதாவில் வரலாறு கற்பித்தார். அதற்கு முன், 1951-இல், வாஷிங்டனில் ஓர் அநாதை இல்லத்தின் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியளிப்பதில் தொடங்கியவர். அந்த அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை என்பார்கள். 1956-இல் மேரிலாந்தின் ஹயட்ஸ்வில்லில் உள்ள டிமாதா கத்தோலிக்கப் பள்ளிக்கு வந்து, 2002 வரை அங்கேயே இருந்தார். கடவுள், குடும்பம், படிப்பு, அதன் பிறகே கூடைப்பந்து என்று தன் மாணவர்களுக்கு வரிசை சொல்லிக்கொடுத்தார். இப்படிச் சொல்லும் பயிற்சியாளர்கள் எங்கும் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு செய்தியை அறியும்வரை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அணியில் இருந்த இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர்களான ஏட்ரியன் டான்ட்லி, டேனி ஃபெரி போன்றவர்களைக் கல்லூரிகள் தாமாகவே தேடி வந்திருக்கும். ஆனால் ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்து பெஞ்சிலேயே பருவத்தைக் கழித்த பையனுக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் ஒரு நடுத்தரக் குடும்பத்தையே கடனில் ஆழ்த்தக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த பெஞ்சில் உட்கார இடம் கிடைத்ததே எவ்வளவு பெரிய சொத்து என்பது விளங்கும். கல்லூரி அணிக்குப் போயிருந்தால் அவர் இந்தப் பையன்களைத் தேர்ந்தெடுப்பவராக ஆகியிருப்பார். பள்ளியில் இருந்ததால் அனுப்பிவைப்பவராக இருந்தார். அவருக்குப் பிடித்த வேலை இரண்டாவதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

(இடையில் ஒன்று: கல்லூரி அளவில் பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளர் ஜான் வுடன் வேறொருவர். தமிழில் எழுதும்போது இரு பெயர்களும் ஒட்டிக்கொள்கின்றன. அல்சிண்டர் பள்ளி முடித்துப் போய்ச் சேர்ந்தது அந்த வுடனிடம்தான்.)

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். டிமாதா ஒரு தனியார் பள்ளி; வாஷிங்டன் வட்டாரத்தின் திறமையான பையன்கள் பலர் அதை நாடி வந்தார்கள். பள்ளியின் பெயர் வளர வளர, வெற்றிகளில் ஒரு பங்கு அந்தப் பெயருக்கே சேர வேண்டியதாயிற்று. ஆகவே 1,274 என்ற எண்ணை நீங்கள் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம். 192 தோல்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பள்ளிப் பயிற்சியாளராக இருந்த ராபர்ட் ஹியூஸ் அந்த எண்ணைக் கடந்துவிட்டார்.

1996-இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்டும் அதே களத்துக்கு வந்த மனிதர், 2020 ஜனவரியில் தன் 88-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய மகன் ஜோவும் பள்ளிப் பயிற்சியாளர்தான்.

உங்கள் பள்ளி அணி அடுத்து ஓர் உயரமான எதிரணியைச் சந்திக்கும்போது அந்த மட்டை உத்தியை முயன்று பார்த்து எனக்கு எழுதுங்கள். டென்னிஸ் மட்டை கிடைக்காவிட்டால் இறகுப்பந்து மட்டையே போதும் என்று நினைக்கிறேன். எடை குறைவு, பையன்களின் கை வலிக்காது.