“எல்லாரும் உள்ளுக்குள்ள மிருகம்தாம்மா” என்கிறான் மகன்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, ஹாஸ்டலுக்கும் பணம் கட்டியாயிற்று. லீவில் ‘லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்’ என்ற ஆங்கில நாவலைப் படித்தான். அதிலிருந்து பேச்சே மாறிவிட்டது. “மனுஷன் உள்ளுக்குள்ள மிருகம்தாம்மா. கேக்க ஆள் இல்லேன்னா எல்லாரும் அப்படித்தான் ஆவாங்க. ஹாஸ்டல்ல விட்டா ஒண்ணு நானும் அப்படி ஆவேன், இல்ல அடி வாங்குவேன்” என்கிறான். வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரி போதும் என்று பிடிவாதம். “கதைப் புஸ்தகத்தைப் படிச்சுட்டு உளறாதே” என்கிறார் அவன் அப்பா. நான் அந்த நாவலைப் படித்ததில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– பெயர் வேண்டாம், தேனி

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு. கதைதானே என்று தள்ளிவிடக்கூடிய புத்தகம் இல்லை அது. எழுதிய வில்லியம் கோல்டிங் பள்ளிக்கூட வாத்தியார். பையன்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்னவெல்லாம் செய்வார்கள் என்று தினமும் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தார், நார்மண்டித் தரையிறக்கத்தில் கலந்துகொண்டார். தேனீ தேனைத் தருவதுபோல மனிதன் தீமையைத் தருகிறான், அந்த வருடங்களைக் கடந்து வந்தும் இது புரியாதவன் குருடனாகத்தான் இருக்க வேண்டும் என்ற பொருளில் பிற்பாடு எழுதினார். ஆக, உங்கள் மகன் தப்பாகப் படிக்கவில்லை. ஆசிரியர் சொல்ல நினைத்ததைத்தான் சொல்கிறான். ஆனால் நாவலுக்குள் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

நீங்கள் படிக்காததால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954-ல் வந்த நாவல். அணுகுண்டுப் போர் நடக்கும் காலம். விமானம் விழுந்து, ஆளில்லாத் தீவு ஒன்றில் பிரிட்டிஷ் சிறுவர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். ரால்ஃப் என்பவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் சங்கு வைத்திருப்பவன்தான் கூட்டத்தில் பேசலாம் என்று விதி. கப்பல்காரர்கள் கண்ணில் படட்டும் என்று மலைமேல் தீ மூட்டுகிறார்கள். அப்புறம் ஜாக் என்பவன் பன்றி வேட்டை, முகத்தில் சாயம் என்று தனியாகக் கூட்டம் சேர்க்கிறான். எங்கோ ஒரு மிருகம் திரிகிறது என்ற பயம் எல்லோரையும் பிடிக்கிறது. இரண்டு பையன்கள் கொல்லப்படுகிறார்கள். ரால்ஃபையும் துரத்தும்போது ஒரு கடற்படை அதிகாரி வந்து காப்பாற்றுகிறார்.

நோட்ஸ் புத்தகங்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடும்: நாகரிகம் விலகியது, காட்டுமிராண்டித்தனம் வெளியே வந்தது. அந்த வரிக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. நாவலின் மிகச் சிறந்த பக்கமும் அதுதான். ஹென்றி என்ற சின்னப் பையன் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ரோஜர் மறைந்து நின்று அவன்மேல் கல் எறிகிறான். ஆனால் படும்படி எறிவதில்லை. ஹென்றியைச் சுற்றிச் சில கஜ தூரம் ஒரு வட்டம்; அதற்குள் எறிய ரோஜருக்குக் கை வரவில்லை. அப்பா அம்மா, பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் அங்கே இல்லாமலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதே ரோஜர்தான் கடைசியில் பெரிய பாறையை நெம்பி உருட்டி ஒருவனைக் கொல்கிறான். உங்கள் மகன் சொல்லும் “கேக்க ஆள் இல்லேன்னா” அப்படியே இந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

சரி, முதல் அத்தியாயத்துக்கு வருவோம். குண்டாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆஸ்துமாவோடு ஒரு பையன் வருகிறான். ரால்ஃபின் பெயரைக் கேட்கிறான். பதிலுக்கு ரால்ஃப் தன் பெயரைக் கேட்பான் என்று காத்திருக்கிறான். கேட்கவில்லை. பள்ளியில் என்னை ‘பிக்கி’, அதாவது பன்றிக்குட்டி, என்று கூப்பிடுவார்கள், யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறான். கூட்டம் கூடியதும் ரால்ஃப் அதைத்தான் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கிறான். ஒரே சிரிப்பு. நாவல் முடியும்வரை அந்தப் பையனின் சொந்தப் பெயர் நமக்குத் தெரிவதே இல்லை. பாறைக்குப் பலியாவதும் அவன்தான். கவனியுங்கள், இதைச் செய்தது ஜாக் இல்லை, நல்லவனான ரால்ஃப். அந்தச் சமயத்தில் சங்கு உடையவில்லை, முகத்தில் சாயம் ஏறவில்லை. பட்டப்பெயர் தீவில் முளைத்ததும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தது.

வேட்டைக்காரர்கள் யார் என்பதையும் பாருங்கள். சர்ச்சில் பாடும் குழுப் பையன்கள். கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கியோடு வரிசை கலையாமல் நடத்திக் கூட்டிவருகிறான் ஜாக். ஒருவன் மயங்கி விழும்வரை யாருக்கும் உட்கார அனுமதி இல்லை. தீவிலேயே ஒழுங்காகப் பயிற்றப்பட்ட கூட்டம் அதுதான், கொலைவரை போவதும் அந்தக் கூட்டம்தான். எதிர்த்துக் கேட்காமல் கீழ்ப்படியும் பழக்கத்தை அவர்களுக்குக் காடு கற்றுத்தரவில்லை. கடைசியில் வரும் அதிகாரி, பிரிட்டிஷ் பையன்கள் இன்னும் நன்றாக நடந்துகொண்டிருக்கலாமே என்று வருத்தப்படுகிறார். அவரே போர்க்கப்பலில்தான் வந்திருக்கிறார். எனக்கென்னவோ, கோல்டிங்கின் கருத்தைவிட அவருடைய நாவல் புத்திசாலி என்று தோன்றும்.

இதற்குப் பதிலடியாக இப்போது எல்லோரும் ஒரு நிஜக் கதையைச் சொல்கிறார்கள். 1965-ல் பசிபிக் கடலில் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஒரு படகைத் திருடிக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். வீட்டில் காரியமே முடித்துவிட்டார்கள். பதினைந்து மாதம் கழித்து ஆஸ்திரேலியப் படகுக்காரர் ஒருவர் கண்டபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். மூட்டிய தீயை அணைய விடவில்லை. ஒருவனுக்குக் கால் உடைந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டுக் குணமாக்கினார்கள். சண்டை வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட வேண்டும், கோபம் தணிந்த பிறகு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. மகனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் மனிதன் நல்லவன் என்று இது நிரூபித்துவிட்டதாக மட்டும் சொல்லாதீர்கள், அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஆறு பேரும் முன்பே நண்பர்கள். நாவலில் வருவதுபோலப் பயந்து அழும் குட்டிப் பையன்கள் கூட்டம் ஒன்றைச் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அட்டா ஏன் ஆளில்லாமல் கிடந்தது என்பது. 1863-ல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் அங்கே போய், நூற்றுக்கும் மேற்பட்ட தீவுவாசிகளைக் கப்பலில் ஏற்றி அடிமைகளாக விற்கக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். கடத்தியவர்களுக்குக் கேப்டன் இருந்தார், கட்டளை இருந்தது, சம்பளமும் இருந்திருக்கும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். நாவலைப் படித்துவிட்டு “நானும் அப்படி ஆவேன்” என்று சொல்லும் பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. “அடி வாங்குவேன்” என்பதுதான் உறுத்துகிறது. அந்தக் கதையில் அவன் தன்னை யாராகப் பார்க்கிறான் என்று கேளுங்கள். பள்ளியில் அவனை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்றும், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். உடனே பதில் வராது. வந்தால் குறுக்கே பேசாமல், ஆறுதலும் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் பயத்தை உளறல் என்று ஒதுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் திருச்சிக்குப் போய்வாருங்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடமா, வார்டன் ராத்திரியும் அங்கேயே தங்குகிறாரா, புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள் என்று நேரில் கேளுங்கள். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் உங்கள் மகனையே தனியாகப் பேசவிடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், முதல் வருடம் வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரியில் சேரட்டும். ஹாஸ்டல் பணத்தைத் திருப்பிக் கேட்பதாக இருந்தால் மட்டும், கல்லூரி திறப்பதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.