இகுவானாவுக்கு கூண்டு: அளவு எவ்ளோ வேணும்?

கேள்வி: நான் வளர்க்கிற பச்சை இகுவானாங்கிற பெரிய பல்லிக்கு ஒரு வயசு ஆகுது, கண்ணாடித் தொட்டி பத்தல. நானே மரத்துல கூண்டு செய்யலாம்னு இருக்கேன், நாலடி உயரம் போதுமா சார்?

பதில்: போதாதுங்க. இது வாலோட சேர்த்து அஞ்சு அடி, சிலது ஆறு அடி வரைக்கும் வளரும், அதனால குறைஞ்சது ஆறடி உயரம், ஆறடி நீளம், மூணடி ஆழம்னு இப்பவே செஞ்சிடுங்க, இல்லன்னா ரெண்டு வருஷத்துல மறுபடி ரம்பத்தைத் தூக்கணும். மரத்துல ஏறி வாழுற ஜீவன், அதனால உயரத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஈரப்பதம் 70 சதவீதம் வரைக்கும் வேணும்கிறதால ப்ளைவுட் சும்மா விட்டா உப்பிப் போயிடும், உள்பக்கம் பூரா வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சு, வாசனை சுத்தமா போற வரைக்கும் காயவிட்டு அப்புறமா உள்ள விடுங்க.

வெயில் காயுற கிளைகிட்ட 35 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 27 மாதிரி இருக்கட்டும், அப்பதான் அது நகர்ந்து நகர்ந்து உடம்புச் சூட்டை சரி பண்ணிக்கும். சூட்டுக்காகப் போடுற பல்புக்கு கம்பிக் கூடு கண்டிப்பா போடுங்க, தாவி ஒட்டிக்கிட்டா வெந்துடும். சூடாகுற கல்லுன்னு விக்கிறாங்களே, அது வேண்டவே வேண்டாம், வயிறு சுட்டுடும். யூவிபி லைட்டை, அதாவது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரைத் தர்ற விளக்கை, கண்ணாடிக்கு வெளிய வெச்சா பிரயோஜனமே இல்ல, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துடும், அது கிடைக்கலன்னா கால்சியம் சேராம எலும்பு வளைஞ்சிடும். கதவு பெருசா வைங்க, கழுவப்போறது நீங்கதானே!