வீட்டில் அரைத்த மஞ்சள் டீ பொடி ஏன் கட்டி பிடிக்கிறது?

கேள்வி: மஞ்சள், சுக்கு, மிளகு, பட்டை, ஏலக்காய், கிராம்பு ஆறையும் வறுத்து அரைத்து டீ பொடி செய்தேன். மூன்றே வாரத்தில் பாட்டிலுக்குள் கட்டி பிடித்துவிட்டது. டீ போட்டால் மஞ்சள் வண்டலாக அடியில் தங்குகிறது, கசக்கவும் செய்கிறது. கடைப் பொடி மாதக்கணக்கில் உதிரியாகவே இருக்கிறதே, அதில் என்ன செய்கிறார்கள்? கட்டியானதை வெயிலில் காயவைத்து உபயோகிக்கலாமா? மாமனார் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இந்த டீயைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். பொடி எடுக்கும்போது பாட்டிலை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்? பத்தில் எட்டுப் பேர் அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்துக்கு நேர் மேலே பிடித்துத்தான் கரண்டியால் அள்ளுவார்கள். ஆவி கரண்டியில் படியும், அந்தக் கரண்டி மறுபடி பாட்டிலுக்குள் போகும். தினம் இரண்டு தடவை, மூன்று வாரம். கட்டி பிடிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம் மிக்ஸி. தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகி, பொடியும் வெதுவெதுப்பாக இருக்கும். அதை அப்படியே பாட்டிலில் போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும். விட்டு விட்டு அரைத்து, சலித்து, அகலமான தட்டில் அரை மணி நேரம் பரப்பி ஆறவிடுங்கள். தொட்டால் சூடு தெரியவே கூடாது.

கட்டியான பொடியை வெயிலில் வைக்க வேண்டாம். மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் வெளிச்சத்தில் சிதையும், ஏலக்காய் வாசனையும் பறந்துவிடும். மோந்து பாருங்கள். வாசனை சரியாக இருந்தால் உதிர்த்து நிழலில் உலர்த்தி இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் தூக்கிப் போடுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பூஞ்சை விட்டுப்போன நஞ்சு கொதிநீருக்கு அசைவதில்லை.

சரி, கடைப் பொடி ஏன் உதிரியாக இருக்கிறது? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். பல பொடிகளில் முதல் பெயர் சர்க்கரை, அடுத்தது மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பொடி. மஞ்சள் நாலாவதோ ஐந்தாவதோ. கடைசியில் 551 என்ற எண் தெரிந்தால் அது சிலிக்கான் டை ஆக்சைடு, ஈரத்தை உறிஞ்சிக் கட்டி பிடிக்காமல் வைப்பது. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அட்டையின் முகப்பில் பெரிய மஞ்சள் கிழங்கு படத்தைப் போட்டுவிட்டு உள்ளே சர்க்கரையை விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்டால், பின்பக்கம் எறும்பு எழுத்தில் எழுதியிருக்கிறார்களாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மஞ்சளை எப்படி வாங்கினீர்கள்? தூளாக என்றால் அடுத்த முறை விரலி மஞ்சளாக வாங்குங்கள். மசாலா பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பளிச்சென்ற மஞ்சளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். மஞ்சளை அவித்து, காயவைத்து, பிறகு உருளையில் போட்டு மெருகேற்றுவார்கள். நிறம் மங்கிய சரக்கைத் தரகர் குறைந்த விலைக்கு வாங்கி, இந்த மெருகு கட்டத்தில்தான் காரீய குரோமேட்டைத் தூவுகிறார். அது பெயின்ட்டில் போடுகிற நிறமி. வாசனை கிடையாது, ருசி கிடையாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் தாக்கும். பங்களாதேஷில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த காரீயத்துக்கு மஞ்சள்தான் ஒரு காரணம் என்று 2019-இல் ஆய்வு வெளிவந்தது. அந்த வருடம் அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இந்தக் கலப்படம் இருந்தது. அரசு இறங்கி அபராதம் போட்டு, ஆலைகளில் சோதனை நடத்தியதும் 2021-இல் அது பூஜ்யமானது. இரண்டே வருடம்! செய்ய நினைத்தால் முடிகிறது. மற்றபடி வழக்கமாக நடப்பது என்ன? மாதிரி எடுப்பார்கள், சீல் வைப்பார்கள், கூடத்துக்கு அனுப்புவார்கள். நாங்கள் முடிவு எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் அந்தச் சரக்கு முழுக்க யார் யார் வயிற்றுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு விரலியைப் போடுங்கள், கலக்காதீர்கள். நல்ல விரலி உடனே சாயம் விடாது. பூசிய விரலி போட்டதுமே மஞ்சளாகக் கோடு கோடாக இறங்கும். இதில் தேறிவிட்டால் நூற்றுக்கு நூறு சுத்தம் என்று அர்த்தமில்லை, தோற்றால் கட்டாயம் வாங்கக் கூடாது என்று அர்த்தம். சிலர் சமையல் சோடா போட்டுப் பார்த்து, மஞ்சள் சிவந்துவிட்டது, கலப்படம் என்று பதறுகிறார்கள். சுத்தமான மஞ்சளும் சோடாவோ சுண்ணாம்போ பட்டால் சிவக்கத்தான் செய்யும்.

மற்றதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராம்பின் காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், கசியாவிட்டால் எண்ணெயை ஏற்கெனவே வடித்துவிட்டார்கள். பட்டை மெல்லிய சுருள் பல அடுக்காக இருந்தால் நல்லது. தடித்த ஒற்றைச் சுருளில் கூமரின் என்ற பொருள் அதிகம், கூடினால் கல்லீரலுக்கு ஆகாது. நான் சொல்லும் அளவில் அது பிரச்சினை இல்லை. சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள், மேல் தோலைச் சுரண்டிவிடுங்கள்.

அளவு இதுதான்: மஞ்சள் 50 கிராம், சுக்கு 20, பட்டை 10, ஏலக்காய் 8, மிளகு 5, கிராம்பு 2. மஞ்சளை வறுக்கவே வேண்டாம், உங்கள் கசப்புக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். மீதிப் பாதி கிராம்பு. மற்றவற்றை மிதமான சூட்டில் ஏலக்காய்த் தோல் மொறுமொறுவென ஆகும் வரை, இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் போதும். விரலியை உரலில் இடித்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிற அளவு அரைக்காதீர்கள்.

வண்டல் உங்கள் தவறு அல்ல. குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை, கொழுப்பில்தான் கரையும். ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் பொடி, கொஞ்சம் பால் சேர்த்து ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கட்டும், அப்புறம் வடிகட்டுங்கள். அடியில் கொஞ்சம் தங்கினால் தங்கட்டும்.

மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து இருபது மடங்கு உடம்பில் சேரும் என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். 1998-இல் வந்த ஆய்வு அது. அதில் கொடுத்தது 2 கிராம் தூய குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்பதால், அதே அளவு கிடைக்க 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். உங்கள் கப்பில் இருப்பது ஒரு கிராம் மஞ்சள்கூட இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே அடுத்த சரக்கை நீட்டுவார்கள்: 95 சதவீத குர்குமின் சாறு, டீயில் ஒரு சிட்டிகை போதும் என்று. அதை இந்தப் பொடியில் கலக்கவே கலக்காதீர்கள். மிளகுச் சாறும் சேர்த்த அடர்த்தியான மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

கடைசியாக மாமனார். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். வார்ஃபரின் நூல் பிடித்த மாதிரி அளந்து கொடுக்கும் மருந்து. ரத்தம் உறையும் வேகத்தை ஐஎன்ஆர் என்ற எண்ணால் பார்த்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருப்பார்கள். 2018-இல் நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. வார்ஃபரின் சாப்பிட்டு வந்த ஒருவர் மஞ்சள் கலந்த ஒரு பொருளை ஆரம்பித்த சில வாரத்திலேயே அந்த எண் 10-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் சும்மா இருக்கும்போதே உள்ளே ரத்தம் கசியலாம். மிளகும் சில மருந்துகளை உடம்பு சிதைக்கும் வேகத்தை மாற்றக்கூடியது. குழம்பில் போடும் மஞ்சளை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் எப்போதும் சாப்பிட்டு வருவது அது, டாக்டர் அதையும் சேர்த்துத்தான் மாத்திரை அளவை முடிவு செய்திருக்கிறார். புதிதாகத் தினம் இரண்டு கப் என்று ஏற்றுவதுதான் ஆபத்து. ஒரு வாரம் குடித்து ஒரு வாரம் விடுவது அதைவிட மோசம். டீ குடிக்கிறோமே என்று மாத்திரையைக் குறைப்பது எல்லாவற்றையும்விட மோசம், அப்படியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனைக்குப் போகும்போது இந்தப் பொடியின் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வெறுமனே "மஞ்சள் டீ" என்று சொன்னால் டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார். அவர் அந்தத் தாளைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மாமனாருக்குச் சாதாரண டீயே போடுங்கள்.