தூண்டில் போடப் பெண்கள் ஏன் அதிகம் வருவதில்லை?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரில் பெண்கள் ஏன் அரிது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்வம் இல்லாமல் அல்ல. நேரமும் இடமும் ஒத்துவருவதில்லை. கொடுவா மீன் நன்றாகக் கடிப்பது விடியலிலும் அந்தியிலும். பல வீடுகளில் அதுதான் அடுப்படி நேரம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரக் கற்களில் இருட்டில் தனியே நிற்கவும் தயக்கம், பக்கத்தில் கழிப்பறையும் இருக்காது. மீன் விற்கும் பெண்களுக்கோ கடல் பிழைப்பு; ஓய்வு நேரத்திலும் அங்கேயே போய் நிற்கத் தோன்றாது.

பணம் அவ்வளவு பெரிய தடையில்லை. ராடு, ரீல் எதற்கு? காலி பாட்டிலில் 30 மீட்டர் தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றி, ஈயக் குண்டு, அதற்கு ஒரு சாண் கீழே தூண்டில் முள், இரைக்கு உயிர் இறால், போதும். இறாலை வால் பக்கம் குத்துங்கள். தலையில் தெரியும் கரும்புள்ளியில் பட்டால் உடனே செத்துவிடும். நாலைந்து பெண்களாகச் சேர்ந்து, பகலில், ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போது வாருங்கள். கெளுத்தி மீனின் முள் குத்தினால் கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.