82 கோடி டாலருக்கு வாங்கியது என்ன?

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே 4-ஆம் சேனல் ஒரு காலத்தில் என்பிசி-யாக இருந்ததாம். இப்போது சிடபிள்யூ என்கிறார்கள். என்பிசி தன் சேனலை ஏன் விற்றது? அரசு உரிமத்தைப் பறித்துவிட்டதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: என்பிசி விற்கவில்லை. விற்பதற்கு அது என்பிசி-யின் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. அரசும் எதையும் பறிக்கவில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் ஒரே ஒளிபரப்பு ஊரெல்லாம் தெரிகிற நம் வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் கொட்டகைக்காரர் வேறு, படக்கம்பெனி வேறு. உரிமம், கோபுரம், சேனல் எண், உள்ளூர்ச் செய்திக் குழு எல்லாம் நிலையத்தின் சொந்தக்காரருடையவை. என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, சிடபிள்யூ போன்றவை நிகழ்ச்சி அனுப்பும் வலையமைப்புகள். இரு தரப்புக்கும் இடையே இருப்பது சில ஆண்டுக் கால ஒப்பந்தம், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த நிலையத்தின் பெயர் கேஆர்ஓஎன். 1949 நவம்பர் 15 அன்று தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையை நடத்திய டி யங் குடும்பம்தான் முதலாளி. தொடங்கிய நாள் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேல் என்பிசி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அந்தக் காலத்துக் கணக்கு நிலையத்துக்குச் சாதகம்: தன் நிகழ்ச்சிகளைப் போடுவதற்காக வலையமைப்பே நிலையத்துக்குப் பணம் கொடுக்கும். போதாததற்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்களை உள்ளூர் விளம்பரத்துக்கு விட்டும் கொடுக்கும்.

1999-இல் குடும்பம் சொத்துகளை விற்கக் கிளம்பியது. இந்த நிலையத்தின் மீது என்பிசி-க்கு நெடுநாளாக ஒரு கண். ஆனால் யங் பிராட்காஸ்டிங் என்ற நிறுவனம் (பழைய டி யங் குடும்பத்துக்கும் இதற்கும் உறவில்லை) மேலே கேட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டது. ரொக்கமும் பங்குகளுமாக விலை சுமார் 82.3 கோடி டாலர். தனியொரு நிலையத்துக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

ஏலத்தில் தோற்ற என்பிசி சும்மா இருக்குமா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் இனி நிலையம்தான் தனக்குப் பணம் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 1 கோடி டாலர் என்றது. பெயரை ‘என்பிசி 4’ என்று மாற்ற வேண்டும், இஷ்டத்துக்கு நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுச் சொந்த நிகழ்ச்சி போடக் கூடாது என்றெல்லாம் பட்டியல் நீண்டது. யங் மறுத்தது. அந்த 82 கோடியில் பெரும்பகுதி எதற்கான விலை என்று யோசியுங்கள். கோபுரத்துக்கும் கேமராவுக்கும் யாரும் அவ்வளவு தருவதில்லை. இரவு 8 முதல் 11 வரை என்பிசி கூட்டி வரும் நேயர்களுக்கான விலை அது. அந்த ஒப்பந்தமோ 2001 டிசம்பரோடு முடிகிறது. முதலில் என்பிசி-யுடன் கையெழுத்து, பிறகு விலை என்று போயிருக்க வேண்டும். தலைகீழாகச் செய்தார்கள்.

இதற்குள் தெற்கே சான் ஹோசேயில் இருந்த கேஎன்டிவி, சேனல் 11, குறுக்கே வந்தது. 2000 ஜூலை வரை ஏபிசி நிகழ்ச்சிகளைப் போட்டுக்கொண்டிருந்த சிறிய நிலையம். அதன் முதலாளியான கிரானைட் நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி டாலர் தருகிறேன் என்றது. 2002 ஜனவரி 1 முதல் என்பிசி அங்கே போனது. கிரானைட்டாலும் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் என்பிசி-யே அந்த நிலையத்தைச் சுமார் 23 கோடிக்கு வாங்கிக்கொண்டது. யங் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

என்பிசி-க்கும் இதில் ஒரு தலைவலி உண்டு. கேஆர்ஓஎன் அலைவரிசை நகருக்கு நடுவே சூட்ரோ கோபுரத்திலிருந்து கிளம்புகிறது. கேஎன்டிவி-யின் கோபுரமோ சான் ஹோசேக்கும் தெற்கே லோமா பிரீட்டா மலையில். ஆன்டெனா வைத்திருந்த சான் ஃபிரான்சிஸ்கோ வீடுகளுக்குப் படம் சரியாக எட்டவில்லை. கேபிள் இருந்தவர்கள்தான் தப்பித்தார்கள். கேபிளில் 3-ஆம் இடம் கிடைத்ததால் 11-ஆம் சேனல் தன்னை ‘என்பிசி 3’ என்று அழைத்துக்கொண்ட கூத்தும் நடந்தது. 2005-இல் ஒளிபரப்பை சான் புரூனோ மலைக்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

4-ஆம் சேனலின் கதி? வாரத்துக்கு 22 மணி நேர மாலை நிகழ்ச்சி ஒரே இரவில் காலி. காலை நிகழ்ச்சியும் விளையாட்டும் தனி. அத்தனை இடத்தையும் விலைக்கு வாங்கிய நிகழ்ச்சிகளாலோ சொந்தச் செய்தியாலோ நிரப்ப வேண்டும். நல்ல நிகழ்ச்சிகளுக்கு மற்ற நிலையங்களும் போட்டி போடும், செய்திக்கோ சம்பளச் செலவு. கடனைக் குறைக்க யங் அதே 2002-இல் லாஸ் ஏஞ்சலஸ் நிலையமான கேசிஏஎல்-ஐ 65 கோடிக்கு விற்றது. 2005-இல் செய்தியாளரே படம் பிடித்து, எழுதி, வெட்டி ஒட்டும் ஒற்றை ஆள் முறைக்குப் போனார்கள். 2006-இல் மைநெட்வொர்க் டிவி என்ற புதிய வலையமைப்பில் சேர்ந்தார்கள்; என்பிசி விட்டுப்போன பள்ளத்தை நிரப்ப அதற்குத் தெம்பில்லை. 2009 பிப்ரவரியில் யங் திவால் மனு கொடுத்தது. வேன் நெஸ் சாலையில் இருந்த சொந்தக் கட்டடமும் கைவிட்டுப் போய், 2014-இல் நிலையம் குடியேறிய இடம் எது தெரியுமா? போட்டி நிலையமான ஏபிசி-யின் கேஜிஓ இருக்கும் கட்டடம்!

இடையில் யங், மீடியா ஜெனரல் என்ற நிறுவனத்தோடு இணைந்தது; 2017-இல் நிலையம் நெக்ஸ்டார் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்த நெக்ஸ்டார் 2022-இல் சிடபிள்யூ வலையமைப்பில் 75 சதவீதத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று 4-ஆம் சேனல் சிடபிள்யூ ஆனது. நிலையமும் வலையமைப்பும் ஒரே முதலாளியிடம் வந்தது அதன் வரலாற்றில் இதுவே முதல் தடவை.