மகம் நட்சத்திரத்தை ஒட்டி ஒரு குள்ள கேலக்ஸி இருக்கிறதாமே, 8 இன்ச் டெலஸ்கோப்பில் தெரியுமா?

தெரியும். ஆனால் எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதில்.

நீங்கள் புதிதாக டெலஸ்கோப் வாங்கி, சனி வளையம், ஓரியன் நெபுலா எல்லாம் பார்த்து முடித்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்பது லியோ 1. நம் பால்வீதியின் துணைக் கேலக்ஸிகளில் ஒன்று, தொலைவு சுமார் 8 லட்சம் ஒளியாண்டு. மகமோ 79 ஒளியாண்டில், நம் தெருமுனையில் நிற்கிறது. வானத்தில் இரண்டுக்கும் இடைவெளி முழுநிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டை ஒட்டிப் பீடிப் புகையைத் தேடுகிற கதைதான். ஹாரிங்டனும் வில்சனும் பாலோமர் ஆய்வகப் புகைப்படத் தகடுகளில் இதைக் கண்டுபிடித்ததே 1950இல்தான்.

முதல் இரண்டு வருடம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். பூஜ்யம். குறை டெலஸ்கோப்பில் இல்லை, தெருவிளக்கில்.

மூன்றாம் வருடம் மார்ச் அமாவாசையன்று, ஜவ்வாது மலை அடிவாரத்தில் சித்தப்பாவின் கொல்லைக்கு எடுத்துப்போனேன். அங்கே லியோ 1 கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே போகும். நல்லதுதான், ஆனால் டாப்சோனியன் (சுழலும் அடிப்பலகையில் குழாயைக் கையால் திருப்பும் வகை டெலஸ்கோப்) வைத்திருப்பவனுக்கு உச்சி வானம் நரகம். குழாய் நட்டுக்குத்தலாக நின்றுவிட்டால் ஒரு இம்மி நகர்த்த அடிப்பலகையை அரைச் சுற்று சுற்ற வேண்டும். அதனால் ஒரு மணி நேரம் முன்பே, ஒன்பதரைக்கு, கறுப்புத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். 12 மி.மீ. ஐபீஸ், நூறு மடங்கு. மகத்தைப் பார்வைப் புலத்துக்கு வெளியே தள்ளி, கடைக்கண்ணால் பார்த்தபடி குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். இருட்டு ஓரிடத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது. தட்டும்போது அதுவும் கூடவே ஆடியது.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மகன், “அண்ணா, பாம்பு கீம்பு இருக்கப்போவுது” என்று முகத்துக்கு நேராக டார்ச் அடித்தான். கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் போயிற்று. அப்புறம் மீண்டும் பிடித்தேன்.

“இருக்கிற இடம் தெரிந்ததால் மூளை கற்பனை செய்திருக்கும்” என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். அது எந்த வாக்கில் நீண்டிருக்கும் என்று முன்கூட்டிப் பார்க்காமல், தெரிந்தபடியே தாளில் வரைந்தேன். வீட்டுக்கு வந்து படத்தோடு ஒப்பிட்டால் அதேபோலக் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. இதற்கு மேல் நம்பாதவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை.

சொந்தக்காரர்களிடம்தான் வழக்கு. டெலஸ்கோப் வைத்திருந்தால் ஜோசியமும் தெரியும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? மகம் பக்கத்தில் கேலக்ஸி பார்த்தேன் என்று ஆசையாகச் சொன்னால் பெரியம்மா, “மகம்னா ஜெகத்தை ஆளுமாமே, அந்தப் பொண்ணு ஜாதகத்தை ஒரு தடவை பாத்துச் சொல்லேன்” என்கிறார். இந்த வருடம் மட்டும் நான்கு ஜாதகம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே சிம்ம ராசிப் பக்கம் செகு 1 என்று இன்னொரு துணைக் கேலக்ஸி உண்டு. அதை மட்டும் தேடிப் போகாதீர்கள். மொத்தக் கேலக்ஸியும் சேர்ந்து சுமார் 300 சூரியன்களின் வெளிச்சம்தான் தரும். விண்மீன்களின் வேகத்தை அளந்து, கண்ணுக்குப் படாத கரும்பொருள்தான் அதில் பெரும்பங்கு என்று கணக்குப் போட்டதால்தான் கேலக்ஸி என்ற பட்டமே.

லியோ 1க்கு மார்ச், ஏப்ரல் அமாவாசைகள் தோது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கூட வருகிறவன் டார்ச்சிலும்.